ஜீப் கிடைக்கவில்லையா? அன்னபூர்ணாச் சுற்றுப் பாதை நாட்குறிப்பு

நவம்பர் 2, தாராபானி

நேபாளத்தின் அன்னபூர்ணாச் சுற்றுப் பாதையை முன்பெல்லாம் பெசிசஹரிலிருந்தே நடப்பார்கள். இப்போது மனாங் வரை ஜீப் போகிறது. அதனால் நடக்க வருகிறவர்கள் எல்லோரும், எந்த ஊரில் இறங்கிக்கொண்டால் நடந்ததாகக் கணக்கு என்று தங்களுக்குள் ஒரு பேரம் நடத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாங்கள் தாராபானி என்று முடிவு செய்திருந்தோம்.

ஒன்பது பேர் உட்காரக்கூடிய வண்டியில் பன்னிரண்டு பேர், அரிசி மூட்டைகள், ஒரு கூடைக் கோழி. பாறையைக் குடைந்து வெட்டிய பாதை. இந்தப் பக்கம் மலைச்சுவர், அந்தப் பக்கம் அதல பாதாளத்தில் மார்ஸ்யாங்டி ஆறு. ஓட்டுநர் கைபேசியில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டே ஓட்டினார். பக்கத்தில் இருந்த அம்மாள் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். மீதிப் பாதியைத் தின்று முடித்த கையோடு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சைகையில் விசாரித்தார்.

ஜீப் கட்டணம் இங்கே மூன்று வகை. உள்ளூர்க்காரருக்கு ஒன்று, வெள்ளைக்காரருக்கு ஒன்று, இந்தியருக்கு இரண்டுக்கும் நடுவில், அவரவர் வாய்ச் சாமர்த்தியப்படி. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. நம்மையும் சேர்த்துச் சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய 1.60 என்பது 1993 முதல் மாறாத விகிதம் என்பதால் கணக்குப் போடுவது எளிது. ஆனாலும் என் தோழி ஒவ்வொரு தேநீருக்கும் கைபேசியை எடுத்து வகுத்துப் பார்க்கிறாள்.

தோழி என்றால் கல்லூரித் தோழி. இருவருக்கும் ஐம்பது நெருங்குகிறது. வழிகாட்டியாக வரும் குருங் இனத்து இளைஞன் எங்களை ‘திதி’ என்கிறான். அக்கா. நாங்கள் அவனை ‘பாய்’ என்கிறோம். தம்பி. அவனுக்கு வயது இருபத்து நான்கு. எங்கள் இரண்டு பைகளையும் பார்த்துவிட்டு அவன் விட்ட பெருமூச்சு இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

நவம்பர் 3, சாமே

சாலையில் நடந்தால் ஜீப்புகளின் புழுதியைத் தின்ன வேண்டும். நல்லவேளையாக, நடப்பவர்களுக்கென்று ஆற்றின் மறுகரையில் பல இடங்களில் தனிப் பாதை போட்டு, பாறைகளிலும் மரங்களிலும் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டி வைத்திருக்கிறார்கள். பைன் காடு, தொங்கு பாலம், கோவேறு கழுதை வரிசை. கழுதைகள் வந்தால் மலைப் பக்கம் ஒட்டி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்தே கீழே தள்ளிவிடும் என்று பாய் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட்டான். தோழி அன்று முழுக்கக் கழுதை வராதபோதும் மலைப் பக்கம் ஒட்டியே நடந்தாள்.

சாமே 2,670 மீட்டர். விடுதி அறை மிக மலிவு. அதற்குப் பதிலாக இரவுச் சாப்பாடும் காலைச் சிற்றுண்டியும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். டால் பாத் 650 ரூபாய். பெரிய வெண்கலத் தட்டில் நடுவே சோறு, சின்னக் கிண்ணத்தில் பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கடுகுக்கீரை, அப்பளம், முள்ளங்கி ஊறுகாய். சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வரும். மறுபடி வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட அந்த வீட்டுப் பெண் காத்திருக்கவில்லை. தட்டின் நடுவில் வெண்கலம் தெரிந்ததுமே கரண்டி வந்துவிட்டது. பக்கத்து மேசையில் பீட்சா வாங்கிய ஜெர்மானியர் ஒருவர் எங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் பீட்சா கேட்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

பருப்பில் பெருங்காயம் இல்லை என்பது மட்டும்தான் குறை. தோழி கொண்டுவந்த எள்ளுப் பொடியைப் பாய் விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, மரியாதைக்குத் தலையாட்டினான்.

நவம்பர் 4, மேல் பிசாங்

பிராதாங் என்ற இடத்தில் ஒரு பெரிய ஆப்பிள் தோட்டம். வாசலிலேயே கடை. நறுக்கென்று கடிபடும் ஆப்பிளை மூன்று வேளைக்கும் சேர்த்து வாங்கிப் பாயின் முறைப்பையும் மீறிப் பையில் திணித்துக்கொண்டோம். அதைத் தாண்டியதும் ஒரே பாறையாக, சீவி விட்டதுபோல ஒரு மலைச்சரிவு ஆற்றிலிருந்து வானம் வரை வளைந்து நிற்கிறது. பவுங்டா டண்டா. இறந்தவர்களின் உயிர் அதில் ஏறித்தான் போகும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. போய்ச் சேர நல்ல வழிதான்.

அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தபோது தோழியின் வலது பூட்ஸ் வாயைத் திறந்தது. பரணில் வருடக்கணக்கில் கிடந்த பூட்ஸ். பசை செத்துப்போய், அடித்தட்டு முன்னாலிருந்து பாதி வரை பிரிந்து, ஒவ்வொரு அடிக்கும் ‘தப், தப்’ என்று கைதட்டியது. துகுர் போகரியில் ஒரு தேநீர்க்கடைக்காரர் அதைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, உள்ளே போய் ஒரு பசைக் குழாயும் மெல்லிய கம்பியும் கொண்டுவந்தார். பழைய பசையைக் கத்தியால் சுரண்டினார். புதுப் பசை தடவி, மேலே ஒரு தட்டைக்கல்லை வைத்தார். எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். தேநீர் முடிந்ததும் முனையில் ஆணியால் இரண்டு துளை போட்டுக் கம்பியைக் கோத்து முறுக்கினார். பிறகு, கேட்காமலேயே, நன்றாக இருந்த இடது பூட்ஸையும் கழற்றச் சொல்லி அதற்கும் அப்படியே செய்தார். அதுவும் நாளைக்குப் பிரியும் என்றார். தேநீருக்கு மட்டும்தான் காசு வாங்கிக்கொண்டார்.

மேல் பிசாங் 3,300 மீட்டர். விடுதி ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு இரண்டாம் அன்னபூர்ணா. 7,937 மீட்டர். சூரியன் விழுந்ததும் மலை சிவந்ததோ இல்லையோ, எங்கள் மூக்குகள் சிவந்தன. குளிர் இங்கே படிப்படியாக வருவதில்லை. வெயில் நகர்ந்த அந்த நிமிடமே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நவம்பர் 5, ங்யாவல்

ஜீப் சாலை கீழே ஆற்றோரமாகப் போகிறது. மேல் பாதை க்யாரு கிராமத்துக்கு ஏறுகிறது. ஆறேழு வளைவுதான் என்று பாய் சொன்னான். ஆறேழு வளைவு முடிந்த பிறகும் கிராமம் அதே உயரத்தில் அதே இடத்தில் இருந்தது. ‘பிஸ்தாரை, திதி, பிஸ்தாரை’ என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். மெதுவாகத்தான் போகிறேன், இதைவிட மெதுவாகப் போனால் அதற்கு நிற்பது என்று பெயர்.

நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் ஒட்டுப்பலகைகளைச் சுமந்துகொண்டு ஒரு சுமைதூக்கி எங்களைத் தாண்டினார். காலில் ரப்பர் செருப்பு. தாண்டும்போது ‘நமஸ்தே’ வேறு சொன்னார். பதில் சொல்ல எங்களுக்கு மூச்சு இல்லை. நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

க்யாருவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கிழவி ஒருவர் பாப்பரை என்ற தானியக் கதிரைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார். அந்த மாவில் செய்த ரொட்டி, கசப்பாக, தேனோடு. இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். எதிரே அன்னபூர்ணா வரிசை மொத்தமும் நின்றது. அதைவிட எனக்கு நினைவில் இருப்பது, அந்த மாடியில் பூட்ஸைக் கழற்றிக் காலுறையை வெயிலில் விரித்துப் போட்டுக் கால்விரல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அரை மணி நேரம். விரல்களின் நடுவே காற்று போயிற்று.

நவம்பர் 6, 7, மனாங்

3,540 மீட்டர். எல்லோரும் இங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்குகிறார்கள். பருவகாலத்தில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் இங்கே ஒரு மருத்துவ நிலையம் நடத்துகிறது. பிற்பகலில் உயர நோய் பற்றிப் பேச்சு. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. தலைவலி வந்தால் வேறு காரணம் தேடாதே, உயரம்தான் என்று வைத்துக்கொள். கூடினால் இறங்கு. இதைச் சொல்லும்போது மருத்துவர் சிரிக்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை அரை அரையாகத் தொடங்கியாயிற்று. விரல் நுனிகளில் எறும்பு ஊர்கிறது. இரவில் மூன்று முறை எழுந்திருக்க வைக்கிறது. அந்த மூன்று முறையும் என்னவென்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைப் பயணம் எழுதுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை. முதலில் விழித்துக்கொண்டு, தேவையில்லை என்று உங்களையே நம்ப வைக்கப் பார்ப்பீர்கள். அதில் கால் மணி நேரம் போகும். பிறகு படுக்கைப் பையின் ஜிப்பைத் தேட வேண்டும். அது தலைக்குப் பின்னால் போயிருக்கும். குளிர்ச்சட்டை, தொப்பி, தலைவிளக்கு, ஈரமும் குளிருமாக விறைத்த செருப்பு. நடைக்கூடத்தில் பலகைகள் கிறீச்சிட, ஒவ்வொரு அறையிலிருந்தும் யாரோ புரண்டு படுப்பார்கள். திரும்பி வந்து படுத்ததும், போகும்போது வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கலாமே என்று தோன்றும். எழுந்து போகமாட்டீர்கள்.

மனாங்கின் இன்பங்கள்: 300 ரூபாய்க்கு ஒரு வாளி வெந்நீர். தலைக்கு ஊற்றிய முதல் குவளைக்கு நான் வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்கிறேன், தோழி கதவைத் தட்டி என்னவென்று கேட்டாள். அடுத்து, கடல்முள்ளிப் பழச்சாறு. ஆரஞ்சு நிறம், கண்ணைச் சுருக்கும் புளிப்பு, சுடச்சுடக் குடிக்க வேண்டும். மூன்றாவதாக, காய்ந்த காலுறை. கம்பியில் தொங்கப்போட்டது நேற்று இரவு பலகைபோல் உறைந்து, இன்று வெயிலில் இளகி, மாலையில்தான் காய்ந்தது.

நவம்பர் 8, யாக் கார்க்கா

தலைவலி. பூண்டுச் சூப். தூக்கம். சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. யாக்குகள் இருந்தன.

நவம்பர் 9, தொரோங் பேடி

4,450 மீட்டர். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டால் அதன்பிறகு செய்ய ஒன்றுமில்லை. எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே கூடத்தில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, யாருக்கு எவ்வளவு தலைவலி என்று நாசூக்காக விசாரித்துக்கொண்டிருந்தோம். கூடம் முழுக்கக் காலுறை வாடை. ஒரு மணி நேரம் கழிந்ததும் அது தெரியவில்லை, அதாவது நாங்களும் அதில் சேர்ந்துகொண்டோம். கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற 300 ரூபாய். ஒரு பாட்டில் வெந்நீர் 250. பிரெஞ்சுக்காரர் ஒருவர் இதைப் பகற்கொள்ளை என்றார். ஒவ்வொரு எரிவாயு உருளையும் கழுதை முதுகில் இங்கே ஏறி வருகிறது. அந்தக் கழுதைகளைப் பார்த்த பிறகு எனக்கு விலையில் புகார் இல்லை.

மாலையில் பாய் என்னருகே வந்து உட்கார்ந்தான். ‘திதி, உங்கள் கடலில் இப்போது புயல் ஏதாவது இருக்கிறதா?’ என்றான். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டே நாளில் இங்கே வந்து பனியாகக் கொட்டியது. நாளை நாங்கள் தாண்ட வேண்டிய தொரோங் கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் குறைந்தது 43 பேர் இறந்தார்கள். நடந்தவர்களும் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் யாக் மேய்ப்பவர்களும் அதில் உண்டு. நம் ஊரில் புயல் கரையைக் கடந்துவிட்டது என்று செய்தி வந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறோம். இங்கே அதற்குப் பிறகுதான் அச்சம் தொடங்குகிறது. கிடைத்த கொஞ்ச நஞ்ச இணையத்தில் வங்கக் கடலைத் தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றேன். எனக்கே கொஞ்சம் அதிகாரம் வந்ததுபோல் இருந்தது.

கழிப்பறைப் பீப்பாயில் தண்ணீர் உறைந்து, அதற்குள் நீல நிறக் குவளை, பிடி மட்டும் வெளியே தெரிய, மாட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. எனக்கு முன்னால் இழுத்துப் பார்த்தவர்கள் பலர் என்பது பிடியின் நெளிசலிலேயே தெரிந்தது.

நவம்பர் 10, தொரோங் லா, ராணிபவ்வா

அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பத்து மணிக்கு மேல் கணவாயில் காற்று எழும்பிவிடும் என்பதால் எல்லோரும் இருட்டிலேயே கிளம்புகிறார்கள். மேலே பார்த்தால் தலைவிளக்குகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அவ்வளவு உயரத்தில் தெரிவது விளக்கா நட்சத்திரமா என்று தோழி கேட்டாள். அசைகிறது, விளக்குதான். அது மனத்தைத் தளர்த்திய செய்தி.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொல்லியிருந்தான் பாய். பனிக்கட்டி மேலிருந்து கட்டும் என்பதால், தலைகீழாக வைத்தால் வாய் அடைக்காது. ஆறு மணிக்குத் திருப்பிக் குடித்தேன், சரியாக இருந்தது. தலைகீழாக வைக்காத ஆஸ்திரேலிய இளைஞன் பாட்டிலைப் பாறையில் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் கொடுத்தோம்.

விடியும் நேரத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு குதிரைக்காரர் வந்து சேர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. இருபது அடி தூரத்தில், எங்கள் வேகத்திலேயே வந்தார். யார் விழுவார் என்பது அவர்களுக்கு நடையைப் பார்த்தே தெரியும் என்று பாய் கிசுகிசுத்தான். தோழி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். குதிரைக்காரர் இருபதாயிரம் என்றார். அவள் கைபேசியை எடுத்து, விறைத்த விரலால் 1.6 ஆல் வகுத்தாள். தொகையைப் பார்த்ததும் எழுந்து நடந்தாள். அடுத்த பாறையில் பதினைந்தாயிரம். அதற்கடுத்த பாறையில் பன்னிரண்டு. அந்த ஏற்றத்தை அவள் ஏறியது கால்களால் அல்ல, விலை இன்னும் இறங்கும் என்ற நம்பிக்கையால். எட்டாயிரத்துக்கு வந்தபோது கணவாயின் கொடிகள் தெரிந்துவிட்டன. குதிரைக்காரர் சிரித்துவிட்டு, குதிரையைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆளைத் தேடி இறங்கினார்.

5,416 மீட்டர். காற்றில் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய பாதிதான். நான்கு அடி, ஒரு நிறுத்தம். நான்கு அடி, ஒரு நிறுத்தம். இந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் எனக்கு உயர்ந்த எண்ணம் எதுவும் வரவில்லை. மூக்கு ஒழுகியது, கையுறையால் துடைத்தேன், கையுறை உறைந்தது, உறைந்த கையுறை மூக்கைக் கீறியது. வீட்டில் சமையலறைக் குழாயை இறுக மூடினேனா என்று விடாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். மேலே போனதும் எல்லோரும் வாழ்த்துப் பலகையின் முன் படம் எடுத்துக்கொண்டார்கள். கணவாயிலேயே ஒரு கல் குடிசைத் தேநீர்க்கடை. ஒரு கோப்பை 350 ரூபாய். தோழி அதை மட்டும் வகுத்துப் பார்க்காமல் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் 1,600 மீட்டர் இறக்கம். ஏறுவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இந்த இறக்கத்தைப் பற்றி எங்கள் முழங்கால்கள் தனியாக ஒரு கட்டுரை எழுதும்.

நவம்பர் 11, முக்திநாத்

காலையில் படியேறும்போதே காதில் தமிழ். ‘மெதுவாக, மாமி, மெதுவாக. மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளுங்கள்.’

திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் இதுதான் என்பது வைணவர்கள் கொள்கை. 108 திவ்ய தேசங்களில் பூமியில் இருப்பவை 106. அவற்றில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றே. அதனால் கும்பகோணத்திலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் குழுக்கள் ஜோம்சோம் வழியாக ஜீப்பில் வந்துகொண்டே இருக்கின்றன. பெருமாளுக்கு அருகில் பௌத்த பிக்குணிகளும் பணி செய்கிறார்கள். அவர்களுக்கு இவர் அவலோகிதேஸ்வரர். யாரும் யாரையும் கேள்வி கேட்பதாகத் தெரியவில்லை.

மடிசார் கட்டிய எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மாமி எங்களைப் பிடித்துக்கொண்டார். கறுத்து உரிந்த மூக்கையும் கம்பி கட்டிய பூட்ஸையும் மேலும் கீழும் பார்த்தார்.

‘எந்த வழியாக வந்தீர்கள்?’

பின்னால் இருந்த மலையைக் காட்டி, அதைத் தாண்டி வந்தோம் என்று, கொஞ்சம் பெருமையாகவே, சொன்னேன்.

‘ஐயோ பாவம்’ என்றார். ‘ஜீப் கிடைக்கவில்லையா?’

கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 மாட்டுத்தலைக் குழாய்கள். மேலிருந்து வரும் ஓடைத் தண்ணீர். கீழே தரையின் ஓரங்களில் பனி கட்டியிருந்தது. வயதானவர்கள் கையில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று குழுத் தலைவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மாமி கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ பாசுரத்தை முணுமுணுத்தபடி முதல் குழாயின் கீழ் தலையை நீட்டினார். ஓடவில்லை. ஒவ்வொரு குழாயின் கீழும் நின்றார். அரைவட்டம் முடிந்து கடைசிக் குழாயிலிருந்து வெளியே வந்தபோது உதடு நீலமாக இருந்தது, பாசுரம் இன்னும் முடியவில்லை. அவர் மருமகள் போர்வையோடு ஓடினாள். நான் மூன்று குழாய் வரை போனேன். மண்டைக்குள் யாரோ ஆணி அறைந்தார்கள். வெளியே வந்துவிட்டேன். ‘பரவாயில்லை, நடந்து வந்த களைப்பு’ என்று மாமி எனக்குச் சமாதானம் சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்கு எங்களை விடவில்லை. குழுவோடு சமையல்காரர் வந்திருக்கிறார். விடுதியின் கொல்லைப்புறத்தில் பெரிய குக்கர்களோடு போராடிக்கொண்டிருந்தார். ‘இந்த ஊர்த் தண்ணீர் கொதிக்கிறது, ஆனால் சுடவில்லை, அம்மா’ என்றார். சரியாகத்தான் சொன்னார். இந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. குக்கரில் ஒன்பது விசில் வைத்து இறக்கிய சாம்பார், எலுமிச்சை ரசம், அப்பளம். ரசத்தில் பெருங்காயம். தோழி தட்டைத் தூக்கிக் குடித்தாள். பாய்க்கும் இலை போட்டார்கள். ரசத்தைக் குடித்துவிட்டு, பூண்டுச் சூப்பைவிட இது நல்லது, மேலே விடுதிகளில் இதை விற்கலாம் என்றான். அது எள்ளுப் பொடிக்குக் காட்டிய மரியாதை அல்ல, உண்மையாகவே மூன்று தம்ளர் குடித்தான்.

நவம்பர் 12, ஜோம்சோம்

காக்பேனி வரை இறங்கி, பிறகு காளி கண்டகி ஆற்றுப் படுகையோடு நடை. கறுப்புக் கற்களைப் புரட்டிச் சாளக்கிராமம் தேடுகிறவர்கள் அங்கங்கே குனிந்திருந்தார்கள். உள்ளே நத்தைச் சுருள் பதிந்த கல், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலின் உயிரி. கடைகளில் விலை சொல்லி விற்கிறார்கள். விலை கொடுத்து வாங்கக் கூடாது என்று மாமி நேற்றே எச்சரித்திருந்தார், அதனால் தோழியின் கைபேசிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பதினொரு மணிக்குக் காற்று கிளம்பியது. இந்தப் பள்ளத்தாக்கில் தினமும் அப்படித்தான், அதனால்தான் ஜோம்சோமில் விமானங்கள் காலையில் மட்டும் பறக்கின்றன. மணல் பல்லில் நறநறத்தது. ஐந்து கிலோமீட்டருக்கு முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, காற்றில் சாய்ந்து நடந்தோம். எதிரே வந்த ஜீப் ஒன்று நின்றது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, முக்திநாத்துக்கா, வாருங்கள், முன் இருக்கை இருக்கிறது என்றார். அங்கிருந்துதான் வருகிறோம் என்று தோழி சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

நாளை காலை விமானம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், போக்ராவில் மேகமாம். பஸ்ஸில் போனால் எட்டு மணி நேரம் என்கிறார்கள், பாய் பன்னிரண்டு என்கிறான். பாயைத்தான் நம்புகிறோம். இரண்டு டிக்கெட் கடைசி வரிசையில் கிடைத்திருக்கிறது. தோழி வாந்தி மாத்திரையும் ஆரஞ்சும் வாங்கப் போயிருக்கிறாள்.